மனச்சோர்வு சுகமானதும் குளிசையை நிறுத்தலாமா?

"மனசு தெளிஞ்சிருச்சு, இனி எதுக்குக் குளிசை?"

பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களில் இப்படி நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பதுளைக்குக் கிளினிக் போகும் நாளில் பேர் (நாட்சம்பளம்) கிடையாது, பஸ் காசும் செலவு. ஆனாலும் அந்த நம்பிக்கை தவறு. மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மறுபடி வருகிறது. அதனால்தான் சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலமுறை வந்தவர்கள் இரண்டு வருடமாவது குளிசையைத் தொடரச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் நெடுங்காலம் குளிசை எடுத்து நலமாயிருந்தவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2021 இல் வெளியானது. நிறுத்தியவர்களில் 100க்கு 56 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 பேருக்கு. குளிசை காக்கிறது, ஆனால் தனியாக எல்லோரையும் காப்பதில்லை.

"பேசினா நோய் போயிருமா?"

குளிசையோடு பேச்சுச் சிகிச்சையும் சேரும்போது நோய் திரும்புவது இன்னும் குறைகிறது. அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. விடியுமுன் தூக்கம் கலைவது, மலைக்குப் போகவே மனம் வராதது, திருவிழாவிலும் ஒதுங்கி நிற்பது என்று தன் நோய் எப்படித் தலைகாட்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே கண்டுகொள்ளவும், உடனே என்ன செய்வதென்று தீர்மானித்து வைக்கவும் அது பழக்குகிறது. படித்தவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசிச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் நீடித்தது. நம் தோட்டங்களிலும் இதைச் செய்ய முடியும், செய்தே ஆகவேண்டும். மனதைத் திறக்கத் தாய்மொழி வேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளரைத் தயங்காமல் கேளுங்கள்.

"குளிசை அடிமையாக்கிடும்."

மனச்சோர்வுக் குளிசை போதைப்பொருளைப் போல ஏங்க வைக்காது. சட்டென நிறுத்தினால் தலைச்சுற்று, தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். ஆகவே வைத்தியர் சொல்லும் விதத்தில் படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

"இது பேய்க் கோளாறு, கழிப்புக் கழிச்சா போதும்."

கோயிலுக்குப் போங்கள்; குளிசையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.