வெளிச்சுவருக்குச் சுரண்டிய பூச்சு

1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு, 2009 க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாகவே திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இலேதான் விடுவிக்கப்பட்டது. இன்னும் காத்திருப்போரும் உண்டு. திரும்பியவர்களில் பலர் தங்கள் வீட்டைத் தாங்களே முன்நின்று கட்டினார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை என்று பணம் கரைந்த பின்னர், வெளிப்பூச்சு கடைசி வேலையாக நின்றுவிடுகிறது. கையிலுள்ள கொஞ்சப் பணத்தில் அவசரமாகப் பூசினால் அடுத்த மாரியில் சுவர் வெடித்து நீர் உள்ளே இறங்கும். அந்தப் பணம் இரண்டாம் முறை கிடைக்காது. ஆகவே இந்தப் பாடத்தில், செலவு குறைந்ததும் வெடிப்புக் குறைந்ததுமான ஒரு பூச்சு முறையைப் பார்ப்போம்.

பளபளப்பு ஏன் வெடிக்கிறது?

வெளிச்சுவரை நன்றாக மினுக்கினால்தான் நீர் புகாது என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்காகச் சீமெந்துத் தூளைத் தூவி, இரும்புச் சாந்தகப்பையால் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார்கள். இப்படித் தேய்க்கும்போது சீமெந்தும் நீரும் மேலே வந்து ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. அந்தத் தோல் உள்ளிருக்கும் சாந்தைவிட அதிகமாகச் சுருங்கும். வரண்ட குளத்தின் சேறு போல வலைவலையாக வெடிக்கும். அந்த வெடிப்புகளால் நீர் உள்ளே போகும். வெளியே ஆவியாக வர வழி குறைவு.

சுரண்டிய பூச்சில் அந்தத் தோலையே எடுத்துவிடுகிறோம். சாந்து பாதி இறுகிய நேரத்தில் மேற்பரப்பை ஆணிப்பலகையால் சுரண்டினால் மணல் மணிகள் வெளியே தெரியும். வெடிப்புக் குறையும், சுவர் மூச்சுவிடும், சிறு மேடு பள்ளங்களும் கண்ணுக்குத் தெரியா. வர்ணம் பூசாமலும் விடலாம். ஜெர்மனியில் வீடுகளின் வெளிச்சுவருக்கு இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

மணலும் நீரும்

குடாநாட்டில் பிழை பெரும்பாலும் மணலிலேயே தொடங்குகிறது. கரையோர மணற்குன்றுகளின் மணல் மிக நுண்ணியது, உப்பும் இருக்கலாம். நுண்மணற் சாந்து அதிகம் சுருங்கும். சுரண்டினாலும் மணி தெரியாது. பருமணலும் நுண்மணலும் கலந்த ஆற்றுமணல் நல்லது. கால் அங்குலக் கண்ணுள்ள அரிதட்டால் அரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் இட்டு, நீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்பும் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் சேறு, மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் மணலைக் கழுவ வேண்டும். நீரைப் பொறுத்தவரை, குடிக்க முடியாத உவர்நீரால் சாந்து குழைக்க வேண்டாம். உப்பு வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் பூச்சை உதிர்த்துவிடும்.

முதற் பூச்சு

சுவரின் தூசியைத் துடைத்து, முதல்நாள் மாலையே நனைத்து வையுங்கள். வழுவழுப்பான கொங்கிறீற்றுப் பகுதிகளில், 1 பங்கு சீமெந்துக்கு 2 பங்கு பருமணல் சேர்த்த நீர்த்த சாந்தை வீசி அடித்து, இரண்டு நாள் ஈரமாக விடுங்கள்.

முதற் பூச்சுக்கு அளவு 1 பங்கு சீமெந்து, 1 பங்கு நீற்றின சுண்ணாம்பு, 5 பங்கு மணல். தடிப்பு அரை அங்குலம். நீளப் பலகையால் மட்டம் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே அலையலையாகக் கீறிவிடுங்கள். மூன்று நாள் நீர் தெளித்து, பின்னர் சில நாள் காயவிடுங்கள். வரவேண்டிய வெடிப்பு இந்தப் பூச்சிலேயே வந்து முடியட்டும். சுண்ணாம்பில் நீறாத கட்டி இருந்தால் பின்னர் பொரிந்து பூச்சைத் தள்ளும். அரித்துத்தான் சேர்க்க வேண்டும். கண்ணில் படாமலும் கவனியுங்கள்.

இரண்டாம் பூச்சும் சுரண்டலும்

இரண்டாம் பூச்சு முதலாவதைவிடப் பலமாக இருக்கக்கூடாது. 1 சீமெந்து, 1 சுண்ணாம்பு, 6 மணல் என்று சேருங்கள். தடிப்பு 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். மரப்பலகையால் மட்டமாக்கினால் போதும், மினுக்க வேண்டாம். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைவரை அன்றே முடியுங்கள். இடையில் நிறுத்திய இடம் என்றும் தழும்பாகத் தெரியும். நிழலைப் பின்தொடர்ந்து வேலை செய்யுங்கள்: மேற்குச் சுவர் காலையில், கிழக்குச் சுவர் பின்னேரத்தில்.

ஆணிப்பலகையை வீட்டிலேயே செய்யலாம். கையளவு பலகையில் அரை அங்குல இடைவெளியில் ஆணிகளை அடித்து, முனைகள் மறுபக்கம் கால் அங்குலம் நீட்டி நிற்கச் செய்யுங்கள்.

எப்போது சுரண்டுவது? மணிக்கூடு இதைச் சொல்லாது. வெயிலும் காற்றும் நாளுக்கு நாள் மாறும். மழைக்குப் பின் தோட்டத்தைக் கொத்தப் பதம் பார்ப்பவர்களுக்கு இது கடினமல்ல. பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. ஆணியால் கீறினால் மணல் உலர்ந்து தெறிக்க வேண்டும். சாந்து ஆணியில் ஒட்டினால் நேரம் வரவில்லை. ஆணி கீச்சிட்டு வழுக்கினால் நேரம் போய்விட்டது. எங்கள் முதல் மாதிரிச் சுவரில் நாங்கள் அவசரப்பட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே சுரண்டினோம். சாந்து கட்டியாகப் பெயர்ந்து, அச்சுவரை மீண்டும் பூச வேண்டியதாயிற்று.

சிறு வட்டங்களாக, ஒரே அழுத்தத்தில், மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். 2 மில்லிமீற்றர் அளவு எடுத்தால் போதும். பின்னர் காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அப்போது நனைக்க வேண்டாம். மறுநாள் காலை முதல் ஐந்து நாள் மெல்லிய தூறலாக நீர் தெளித்து, கிடுகாலோ சாக்காலோ வெயிலை மறையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

சுரண்டி விழுவது சாந்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதைத் திரும்பக் குழைக்க முடியாது, நடைபாதையில் கொட்டலாம். இதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்: இரண்டாம் பூச்சுக்கு 100 சதுர அடிக்கு முக்கால் பை சீமெந்து வரை தேவைப்படும்.

செம்மண் நிலத்தில் மழைத்துளி தெறித்துச் சுவரின் அடி சிவக்கும். சொரசொரப்பில் அந்தக் கறை போகாது. ஆகவே நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மரப்பலகையால் தேய்த்த சாதாரணப் பூச்சாக விடுங்கள். பிள்ளைகள் உரசும் விறாந்தைக்கும் சுரண்டிய பூச்சு ஏற்றதல்ல.

தை பிற்பகுதி முதல் பங்குனி வரை இவ்வேலைக்கு நல்ல காலம். சோளகக் காற்று பூச்சை வேகமாக உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடும்.

மேசனை வைத்துச் செய்விப்பவர்களும் மணலைச் சோதிப்பது, அளவுப்பெட்டியால் அளப்பது, நீர் தெளிப்பது ஆகிய மூன்றையும் தாங்களே செய்யலாம். வீட்டுக்குப் பின்புறம், யாரும் பாராத சுவரில் முதலில் பழகுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது ஊரில் வெளிப்பூச்சு வெடித்த வீடுகள் எவை? அங்கே பாவித்த மணலும் நீரும் எங்கிருந்து வந்தன?
2. நான்கு ஐந்து குடும்பங்கள் சேர்ந்து நல்ல மணலை ஒரே லொறியில் இறக்க முடியுமா?
3. ஆளுக்கு ஒரு சுவராக, கைமாற்று வேலையாக இதைச் செய்ய யார் யார் முன்வருவார்கள்?