மழைக்களமும் நிழற்படமும்

கால்பந்தாட்டம் என்றவுடன் பல்லாயிரவர் சூழ்ந்த பெருங்களங்களும் நாடறிந்த ஆட்டக்காரர்களுமே நினைவுக்கு வருகின்றனர். ஆயினும் உலகில் நாள்தோறும் நிகழும் ஆட்டங்களுள் மிகப் பல, நூறு இருநூறு பேர் மட்டுமே கண்டு களிக்கும் சிற்றாட்டங்களாம். இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டில் பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடி 'லீக்' என்னும் அமைப்பை நிறுவின. அதனுள் இடம்பெறாத ஊர்க் கழகங்களோ எண்ணிறந்தன. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழு பிரான்சு நாட்டினரை எதிர்த்து ஆடியதும் இல்ஃபோர்டு என்னும் ஊரின் எளிய களமொன்றிலேதான். நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். 1-2 என்ற கணக்கில் தோற்ற அவ்வாட்டத்தில் நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் இளைஞர் கூடியாடும் பந்தயங்கள் எந்த லீக்கையும் சார்ந்தன அல்ல. பள்ளித் திடலோ, கண்மாய்க் கரையை அடுத்த பொட்டலோ களமாகும். இரண்டு மூங்கில் நட்டு, மேலே கயிறு கட்டினால் கோல் அமைந்துவிடும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் ஆதலின், அதற்குமுன் ஆட்டங்களை முடித்துவிடவே எவரும் விரும்புவர். வானமோ மனிதர் வகுத்த நாட்குறிப்பைப் பார்ப்பதில்லை. இறுதியாட்டம் மழையில் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. அன்று வருவோர் தொகை சிறிது. குடை பிடித்த முதியவர் சிலரும், சாக்கினைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்ட சிறுவர் சிலரும், நிழற்படக் கருவியைத் துணியால் பொதிந்து காக்கும் ஒருவருமே எஞ்சுவர்.

மழை ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுகிறது. நனைந்த தரையில் பந்து எதிர்பார்த்ததனினும் விரைந்து வழுக்கி ஓடும்; தேங்கிய நீரிலோ சட்டென்று நின்றுவிடும். விதிப்படி ஆட்டத் தொடக்கத்தில் பந்தின் எடை 410 கிராமுக்குக் குறையாமலும் 450 கிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். முற்காலத்துத் தோற்பந்து நீரை உறிஞ்சிப் பாறைபோல் கனக்கும். அதனைத் தலையால் மோதியவர் பட்ட துன்பம் சொல்லி முடியாது. நடுவர் பந்தைக் கீழே விட்டுப் பார்ப்பார். அது எழும்பாது நீரில் மிதக்குமாயின் ஆட்டம் நிறுத்தப்படும். மின்னல் தோன்றினும் அவ்வாறே. அப்பொழுது பனைமரத்தடியை நாடுவது பேராபத்து. உறுதியான கட்டடத்துள் செல்லுதலே தகும்.

வெறுங்கால் ஆட்டக்காரர்க்கு ஈரத்தரை பெரும்பகை. கல்கத்தாவில் ஆங்கிலப் படைப்பிரிவினர் பூட்சு அணிந்து ஆடினர்; மழைநாளில் அவர் கால் ஊன்றி நிற்க, நம்மவர் கால் வழுக்கும். எனினும் 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மோகன் பகான் கழகத்தார், பதினொருவருள் ஒருவரே பூட்சு அணிந்திருக்க, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவினரை 2-1 என வென்று கேடயம் கொண்டனர். களத்தை நெருங்க இயலாத மக்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனராம். வென்ற குழுவின் படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. ஓடி ஆடிய அந்த மாலையைக் காட்டும் படம் நமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அதனைக் காண்போர்க்கு எழாமற் போகாது.

மழையாட்டத்தைப் படம் பிடித்தல் எளிதன்று. முகில் மூடிய வானத்தில் ஒளி குறைவு. ஓடும் காலையும் தெறிக்கும் நீரையும் அசைவின்றிப் பதிக்க வேண்டுமாயின், கருவியின் கண்ணிமை ஒரு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் திறந்து மூட வேண்டும். அத்துணை விரைவில் உட்புகும் ஒளியும் சிறிதே ஆகும். ஆதலின் வில்லையின் துளையை அகலத் திறந்து, ஒளியுணர்வை உயர்த்துதல் வேண்டும். படத்தில் சிறிது மணற்பொடி தூவியதுபோன்ற தோற்றம் உண்டாயினும் கேடில்லை. வெண்முகிலை எதிர்நோக்கிப் பிடித்தால் மழைத்தாரை கண்ணுக்குப் புலனாகாது. கரிய மரச்செறிவு பின்னணியாக அமையின் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். எல்லைக்கோட்டுக்கு வெளியே, கோலுக்குப் பக்கத்தே குந்தி அமர்ந்திருப்பவர்க்கே பாய்ந்து வருவோர் முகம் கிட்டும். நிற்பவர்க்குத் தலையும் முதுகுமே கிட்டும்.

கோல் விழும் கணம் ஒன்றையே எதிர்பார்த்துக் காத்திருப்போர் பலவற்றை இழப்பர். 1956ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் செல்சி கழகத்துக் களத்தில், பிரெசுட்டன் கழகத்து டாம் ஃபின்னி தேங்கிய நீரினூடே சறுக்கிச் செல்ல, நீர் விசிறிபோல் எழும்பிய காட்சியை ஒருவர் படம் பிடித்தார். அஃது அவ்வாண்டின் சிறந்த விளையாட்டுப் படமாகப் பாராட்டப்பெற்றது. அதனைத் தழுவிய சிலை 2004இல் பிரெசுட்டன் களத்தின்முன் நிறுவப்பட்டது. அந்த ஆட்டத்தின் முடிவு இன்று எத்துணைப் பேருக்கு நினைவிருக்கும்?

சிற்றூர் ஆட்டத்திற்கு நாளிதழில் இடமில்லை, கணக்கேடும் இராது. ஆடிய இளைஞரோ அடுத்த ஆண்டு ஒருங்கு கூடுவர் என்பதற்கும் உறுதியில்லை. புதுக்கோட்டைப் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்வோர் பலர். ஆதலின் ஆட்டம் முடிந்து, செம்மண் சேறு முழங்காலளவும் படிந்து, வென்றவர் இன்னார் தோற்றவர் இன்னார் என்று சட்டை நிறத்தாலும் பிரித்தறிய இயலாது அவர்கள் நிற்கும் அந்த நேரத்தைப் படம் பிடிப்பவர் தவற விடலாகாது. இரு குழுவினரையும் ஒருங்கே நிறுத்தி ஒரு படம் எடுத்தல் வேண்டும். பின்னர் அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் மையால் அன்றிக் கரிக்கோலால், மெல்ல, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், நாளையும், கோல் கணக்கையும் எழுதி வைப்பார்கள். மழை பெய்ததைத் தனியே எழுத வேண்டுவதில்லை.