பேசினுக்குக் கீழே உள்ள வளைவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"பூட்டிக் கிடந்த அறை நாறுவது மலைநாட்டு ஈரத்தால்தான்."

ஏப்ரல் சீசனுக்காக நுவரெலியாவில் அறைகளைத் திறக்கும் காலத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஹட்டன், டிக்கோயாப் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஈரச் சுவரின் வாசம் வேறு, கழிவுக் குழியின் வாடை வேறு. பேசின், சிங்க், குளியலறைத் தரை என்று தண்ணீர் வெளியேறும் ஒவ்வோர் இடத்திலும் ட்ராப் என்ற வளைவு இருக்க வேண்டும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் குழியின் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. பேசினுக்கு இந்தத் தண்ணீர் 75 மில்லிமீற்றர் ஆழம் நிற்க வேண்டும் என்பது பிரித்தானிய விதி. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த மாதங்களில் ஆள் புழங்காத அறையில் அது மெல்ல வற்றிவிடுகிறது. பினாயில் வாடையை மறைக்குமே தவிர வாயுவை நிறுத்தாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். தண்ணீர் வற்றாதிருக்க மேலே சிறிது எண்ணெய் விடும் வழக்கமும் உண்டு. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாக் குளிரில் அதை ஊற்றாதீர்கள்.

"வெள்ளைக்காரத் துரை காலத்து வேலை. அதைத் தொடவே கூடாது."

தேக்கு மரக் கதவுக்கு இது பொருந்தலாம், கழிவுக் குழாய்க்குப் பொருந்தாது. அந்தக் காலத்து ட்ராப்களில் சிலவற்றை இங்கிலாந்துக்காரர்களே அப்போதே குறை கூறினார்கள். ஈயத் தகட்டில் பெட்டி போலச் செய்த 'டி' ட்ராப்பின் மூலைகளில் அழுக்கு தங்கி அழுகுகிறது என்று லண்டன் குழாய் வல்லுநர் ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் 1870களிலேயே எழுதினார். பேசினுக்கடியில் பெட்டியோ உருளையோ தென்பட்டால் கத்தி முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். மென்மையாக இருந்து வெள்ளியாய் மின்னினால் அது ஈயம். மாற்ற வேண்டியதுதான். கழற்றும்போது கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அதிகம் கண்ணில் படுவது 'எஸ்' ட்ராப். குழாய் வளைந்து மேலேறி, மறுபடி நேராகத் தரைக்குள் இறங்கினால் அது 'எஸ்'. மேலேறிய குழாய் படுக்கை வாட்டில் சுவருக்குள் போனால் அது 'பி'. நிறைந்த பேசினைத் திறந்துவிடும்போது, 'எஸ்' குழாயில் வேகமாக இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னே வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கடைசியில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறதா? வளைவு காலியாகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குழாய் விதிகள் 'எஸ்', உருளை, கவிழ்த்த கிண்ணம் வைத்த மணி ட்ராப் மூன்றையும் புதிய வேலைகளில் தடை செய்கின்றன.

"அப்படியானால் எஸ் ட்ராப் கொமட்டையும் கழற்ற வேண்டும்."

வேண்டாம். கொமட்டில் தண்ணீர் உறிஞ்சப்பட்ட பிறகு சிஸ்டன் தண்ணீர் வந்து வளைவை மறுபடி நிரப்பிவிடும். பேசினுக்கு அந்த வசதி இல்லை. கடையில் இதைக் குழப்பிக்கொண்டு நல்ல கொமட்டை மாற்றிச் செலவழிப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

"தரைத் துளைக்குள் இருக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் ஓடும்."

ஓடும். கூடவே வாயுவும் கரப்பானும் மேலே வரும். கவிழ்த்த கிண்ணம் போன்ற அந்த மணிதான் அங்கே தடுப்பு. அதில் நிற்கும் தண்ணீரும் ஆழமில்லாதது. கழுவிய பிறகு மறக்காமல் திரும்ப வையுங்கள், தரையை உடைத்து வேலை செய்யும் நாளில் ஆழமான ட்ராப் போடுங்கள். கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாயை நாற்றத்துக்குப் பயந்து அடைப்பதும் இதே போன்ற தவறுதான். அதை அடைத்தால் வளைவுகளில் நிற்கும் தண்ணீர் இன்னும் எளிதாக உறிஞ்சப்படும்.

"லயத்தில் ஒட்டிக் கட்டிய சின்ன குளியலறைக்கு ட்ராப் எதற்கு?"

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. துரை பங்களாவுக்காவது பழைய ட்ராப் கிடைத்தது, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு எதுவுமே கிடைக்கவில்லை. பீலித் தண்ணீரும் பொதுக் கக்கூசும் திறந்த கானும்தான். இன்று கைக்காசைப் போட்டு, காம்பராவை ஒட்டிக் குளியலறை கட்டும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே குழாய் நேராகக் கானுக்கோ குழிக்கோ போகிறது, இல்லாவிட்டால் நெளிவுக் குழாய் ஒன்றை வளைக்காமல் அப்படியே சொருகி விடுகிறார்கள். அடுப்பும் படுக்கையும் நாலடி தூரத்தில். 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் மாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. குளியலறைத் தரையில் வற்றிப்போன ட்ராப்கள் வழியாகவும் கழிவுக் குழாயின் காற்று வீடுகளுக்குள் வந்தது என்று சுகாதார அதிகாரிகள் கண்டறிந்தார்கள். லயத்திலும் அதுவே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. கழிவுக் குழாயின் காற்று நாம் மூச்சு விடும் இடத்துக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

தரைக்குக் கொங்கிரீட் போடும் முன் மேசன் பாஸிடம் "ட்ராப் எங்கே? வளைவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?" என்று கேளுங்கள். காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே மூட விடுங்கள். புதிய தோட்ட வீடுகளைக் கட்டித் தருபவர்களிடம் வீட்டுச் சாவியை வாங்கும் நாளிலும் இதையே கேளுங்கள்.