எண்பதில் போனாலும் ஊர் போய்ச் சேரலாம்

பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வரும்: எந்த ரோடு நன்றாக இருக்கிறது, எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது. முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு பதில் உண்டு. மூன்றாவதற்கு ஊருக்கொரு கதை உண்டு. "உளுந்தூர்பேட்டை தாண்டிட்டா பயமில்ல", "ஞாயித்துக்கிழமை ஸ்பீட் கன் வைக்க மாட்டாங்க", "எதிர்ல வர்ற லாரி லைட் அடிச்சா மட்டும் கொறைச்சுக்கோ" என்றெல்லாம் சொல்வார்கள்.

சென்னையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரையும், மேற்கே நீலகிரி, வயநாடு, மைசூர் பக்கமும் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போலீஸ் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கவே தேவையில்லாமல் பயணம் போக முடியும் என்பதுதான் இதில் நான் கற்றது. அதற்கு உதவியவற்றை இங்கே சொல்கிறேன்.

நம் வண்டிக்கு எவ்வளவு?

நாற்கரச் சாலையில் காருக்கு 100 என்று போர்டு இருந்தால் நமக்கும் அதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கையில் பைக்குக்கான உச்சவரம்பு, நடுவில் தடுப்புள்ள நாற்கரச் சாலையில் 80 கி.மீ. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 60. மோட்டார் சைக்கிளுக்கு 80-க்கு மேல் எந்தச் சாலையிலும் இடமில்லை.

இது உச்சவரம்புதான். இதற்குக் கீழே குறைத்துக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் 2023 நவம்பர் முதல் டூவீலருக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. தாம்பரம் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறும்வரை இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. ஊருக்கு ஊர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எண் இருந்தால் அந்த இடத்துக்கு அதுதான் சட்டம். பள்ளிக்கூடம், பாலம் வேலை, மலைப்பாதை என்று வருகிற இடங்களில் அது 30, 40 என்று சட்டென்று இறங்கும்.

வேகம் முடிவாவது வீட்டில்

வேகமாக ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேகப்பிரியர்கள் அல்ல, நேரமில்லாதவர்கள். காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு மதுரை என்று திட்டம் போட்டால், திண்டிவனத்திலேயே கை ஆக்சிலரேட்டரை முறுக்கத் தொடங்கிவிடும். சென்னை–மதுரை ஏறத்தாழ 460 கி.மீ. மீட்டரில் 80 காட்டினாலும் டீ, பெட்ரோல், டோல்கேட், ஊர் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் சராசரி 50, 55-தான் கிடைக்கும். அப்படியென்றால் ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போதெல்லாம் எந்தத் தூரத்தையும் ஐம்பதால் வகுத்துத்தான் கிளம்புகிறேன். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் லாபம்.

வேகத்தால் மிச்சமாகிற நேரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 கி.மீ. தூரத்தை 80-ல் ஓட்டினால் இரண்டு மணி நேரம், 100-ல் ஓட்டினால் ஒரு மணி 36 நிமிடம். மிச்சம் 24 நிமிடம், அதுவும் எங்குமே வேகம் குறையாமல் போனால். ஒரு டீக்கடையில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அது கரைந்துவிடும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த, நல்ல ரோட்டில் 60-ல் வரும் பைக் நிற்க சுமார் 48 மீட்டர் வேண்டும். 80-ல் சுமார் 74, 100-ல் சுமார் 106. ரோட்டில் மணலோ ஈரமோ இருந்தால் இன்னும் கூடும். மீடியன் இடைவெளியில் மாடு நுழைவதும், எதிர்த்திசையில் டிவிஎஸ் எக்ஸ்எல் வருவதும் நமக்குத் தெரியாததா? ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. ஆனால் அந்த ஒன்றரை விநாடியை ஏபிஎஸ்ஸால் குறைக்க முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்தச் சாவுகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு.

ஸ்பீட் கன் பற்றிய கதைகள்

"கூட்டமா போனா எந்த வண்டின்னு தெரியாது" என்பது பழைய ரேடார் காலத்துப் பேச்சு. இப்போது பரவலாக இருப்பது லேசர் வகை. ஒரு வண்டியைக் குறிபார்த்து அளந்து, எண் பலகையோடு படம் எடுத்து, தேதி, நேரம், வேகம் எல்லாவற்றையும் அதிலேயே பதித்துவிடும். சில நூறு மீட்டர் தூரத்திலிருந்தே அளக்கும் என்பதால், சீருடை நம் கண்ணில் படும்போது அளவெடுப்பு முடிந்திருக்கும்.

ஆகவே போலீஸைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்துவதில் பயனில்லை. பயனில்லாததோடு ஆபத்தும் கூட. ஆம்னி பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது 100-லிருந்து திடீரென்று 60-க்கு இறங்குகிறவர், அபராதத்தைவிடப் பெரிய ஒன்றை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். எதிரே வருகிற லாரி லைட் அடித்தால் நான் குறைப்பேன். அது போலீஸுக்காகவும் இருக்கலாம், வளைவுக்கு அப்பால் கவிழ்ந்து கிடக்கும் டேங்கருக்காகவும் இருக்கலாம்.

ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். மொபைல் மேப்பில் 75 என்று வரும்போது மீட்டரில் 79, 80 இருக்கும். அந்த வித்தியாசத்தை நம்பி மீட்டரில் 90 வைத்து ஓட்டுவது சிலருக்குப் பழக்கம். டயரை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும். மீட்டரில் 80 என்றே வைத்துக்கொண்டால் மனசுக்கு வேலை குறைவு.

கேமரா வைத்துக் கண்காணிப்பதற்கும் விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ, கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், கண்காணிப்புள்ள பகுதியில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. சலானில் படமும் அளவும் இடமும் நேரமும் இருக்க வேண்டும்.

கை காட்டினால்

நிறுத்துங்கள். சீருடையில் உள்ள காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும், லைசென்ஸ் கேட்டால் காட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டப்படி நம் கடமை. பேரிகேடைச் சுற்றிக்கொண்டு தப்பலாம் என்று முறுக்குகிறவர் தன் உயிரோடு அந்தக் காவலரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

நான் செய்வது இது. இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குவேன். எஞ்சினை அணைத்து, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றுவேன். முகம் தெரிந்தாலே பேச்சு பாதி இளகிவிடும். "வணக்கம் சார்" என்று தொடங்கினால், "எங்கிருந்து தம்பி வர்றீங்க?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உறவினர் பெயரை, பதவியை இழுத்துப் பேசத் தொடங்கினால் இரண்டு நிமிட வேலை அரை மணி நேரமாகும்.

ஆவணங்கள் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம். ஆனால் கேலரியில் எடுத்து வைத்த போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. மலைப்பாதையில், காட்டுச் செக்போஸ்டில் சிக்னல் இருக்காது. அதனால் அசல் லைசென்ஸை எப்போதும் பர்ஸிலும், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நகல்களை டேங்க் பேக்கிலும் வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் முடியும் தேதியை மொபைலில் அலாரமாகப் போட்டுவிடுங்கள். பயணத்தின் நடுவில் காலாவதியாகும் வழக்கம் இவற்றுக்கு உண்டு.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். எண் பலகையை லக்கேஜோ, கட்டிவைத்த மழைக்கோட்டோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் கூட்டிய சைலன்சரும் கண்கூசும் எல்.இ.டி. விளக்கும் இருந்தால், எண்பதில் போனாலும் நிறுத்துவார்கள்.

சலான் போட்டுவிட்டால்

திருத்தப்பட்ட அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதிவேகத்துக்கு 1,000 ரூபாய், ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் 2,000, லைசென்ஸ் இல்லையென்றால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் முறைக்கே 5,000.

தப்பு நம்முடையது என்றால் சலானை வாங்கிக்கொண்டு கிளம்புவதே மேல். பணத்தை இ-சலான் வழியாக மட்டும் கட்டுங்கள். "ரசீது வேண்டாம்னா கம்மியா முடிச்சுக்கலாம்" என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சலானில் தவறு இருப்பதாகத் தோன்றினால் ரோட்டில் நின்று கத்துவதால் அது மாறாது. வண்டி எண், இடம், நேரம் சரிதானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு புகாராகவோ நீதிமன்றத்திலோ சொல்லலாம்.

இப்போது ஒரு புது மோசடியும் நடக்கிறது. "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியோடு ஏபிகே கோப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். திறந்தால் வங்கிக் கணக்குக்கே வினை. பரிவாகன் இ-சலான் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்று முடியும். அதை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

எல்லை தாண்டும்போது

கோவையிலிருந்து வாளையாறு தாண்டினால் ரோடு அதேபோல அகலமாகத்தான் இருக்கும், சட்டம் மாறிவிடும். கேரளத்தில் 2023 ஜூலை முதல் டூவீலரின் அதிகபட்ச வேகம் 60. அதே ஆண்டு ஜூனிலிருந்து 726 ஏஐ கேமராக்கள் வழியாக அபராதம் போடத் தொடங்கினார்கள். அங்கே யாரும் கைகாட்ட மாட்டார்கள், நோட்டீஸ் நேராக வீட்டுக்கு வரும்.

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை. மேப் அந்த வழியைக் காட்டினாலும் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். மும்பை–புனே விரைவுச்சாலையிலும் பைக்குக்கு அனுமதி இல்லை. மேப் செயலியில் டூவீலர் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை அடைத்திருக்கும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒன்பதுக்குள் கேட்டைப் பிடிக்கலாம் என்று காட்டுக்குள் விரட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். யானையும் மானும் கடக்கிற ரோடு அது. மாலை ஆறுக்குள் முடியாதென்றால் கூடலூரிலோ குண்டல்பேட்டையிலோ தங்கிவிடுவேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடமாட்டார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடாகி நேர்ந்த விபத்துகள்தான் காரணம். செக்போஸ்டில் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் கூடலூர் வழியைப் பிடியுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்பும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். மதுபாட்டில் கடத்தலுக்கான சோதனை அது.

அவர்கள் சொன்னவை

டீக்கடைகளிலும் டோல்கேட் ஓரத்திலும் ரோந்துக் காவலர்களோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை. விபத்துக்குப் பிந்தைய ரோட்டைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். பலரும் சொல்லிக் கேட்ட அறிவுரைகள் இவை:

விடிகாலை மூன்று முதல் ஐந்து வரை ரோட்டில் இருக்காதீர்கள். நம் தூக்கத்தோடு எதிரே வரும் டிரைவரின் தூக்கமும் சேர்கிற நேரம் அது.

இரவில் ஓரமாக நிற்கும் லாரிக்குப் பின்விளக்கு எரியும் என்று நம்பாதீர்கள்.

நாற்கரச் சாலையில் மீடியன் இடைவெளி வரும் ஒவ்வொரு இடத்திலும் ஆக்சிலரேட்டரை விடுங்கள். ஊர் பெயர் போர்டு தெரிந்தாலே விட்டுவிடலாம்.

கூட்டமாகப் போனால் வரிசையாகப் போங்கள். பின்தங்கியவர் விரட்டிப் பிடிக்க வேண்டாம், முன்னால் போகிறவர் குறிப்பிட்ட இடத்தில் காத்திருக்கட்டும்.

விபத்தைப் பார்த்தால் நின்று உதவுங்கள். உதவியவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. 108 ஆம்புலன்ஸுக்கு, 112 அவசர உதவிக்கு, 1033 தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு.

அடுத்த பயணத்துக்குப் பை கட்டும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆர்.சி.யில் உள்ள மொபைல் எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, பழைய சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மொத்தத் தூரத்தை ஐம்பதால் வகுங்கள். வருகிற நேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.