தட்டினால் கால் துள்ளுகிறது. பிறகு ஏன் இந்த விறைப்பு?

"முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு இயல்பாக இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் அப்பாவால் சட்டைக்குள் கையை நுழைக்கக்கூட முடியவில்லையே, டாக்டர்?" பார்கின்சன் நோயாளிகளின் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டும்போது தொடைத் தசை சற்றே இழுபடுகிறது. அச்செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்தை அடைகிறது. சுருங்குமாறு கட்டளை உடனே திரும்புகிறது. மூளையின் ஆணைக்குக் காத்திராத இதுவே தண்டுவட அனிச்சைச் செயல். 1875ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர்களான எர்ப், வெஸ்ட்பால் ஆகியோர் இச்சோதனையை விவரித்து வெளியிட்டனர்.

ஆணைக்குக் காத்திராவிட்டாலும், தண்டுவடம் எப்போதும் மூளையின் மேற்பார்வையில்தான் இயங்குகிறது. பார்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் குறைவதால் அம்மேற்பார்வை மாறுகிறது. சுத்தியலுக்குக் கிடைக்கும் உடனடிப் பதில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால், தசை இழுபட்ட செய்தி மூளை வரை சென்று திரும்புவதால் சற்றுத் தாமதமாக எழும் இரண்டாவது பதில் மிகுந்துவிடுகிறது. ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசையைத் தளர்த்தும் தண்டுவட ஏற்பாடும் சரிவர நடப்பதில்லை. ஆகவே மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகுகின்றன. இந்த விறைப்பு நோயாளியின் பிடிவாதமும் அன்று, சோம்பலும் அன்று.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஏன் தட்டிப் பார்க்கிறோம்? பார்கின்சன் நோயாளியின் கால் வழக்கத்தைவிட மிக வேகமாகத் துள்ளினால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை அழுத்தலாம். பார்கின்சனை ஒத்த வேறொரு மூளைச் சிதைவு நோயாகவும் இருக்கலாம். 'நோய் முற்றிவிட்டது' என்று வாளாவிருந்தால், சிகிச்சைக்குரிய தண்டுவட அழுத்தம் கவனிக்கப்படாமல் போகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• விறைத்த கை கால்களை வெடுக்கென்று இழுக்காதீர்கள், மெதுவாக அசையுங்கள். சட்டை அணிவிக்கும்போது விறைப்பு மிகுந்த கையை முதலில் நுழையுங்கள்.

• உடலின் சமநிலையைக் காக்கும் அனிச்சைச் செயல்களும் இந்நோயில் தளர்கின்றன. நடக்கும்போது முன்னிருந்து கையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று துணை செய்யுங்கள்.

• மாத்திரைகளை உரிய வேளையில் கொடுங்கள். லெவோடோபா மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

• கால்கள் விரைவாக வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு திடீரெனக் குறைந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

உங்களைத் தவிர வேறு எவரும் நோயாளியை நாள்தோறும் பார்ப்பதில்லை. நேற்று இல்லாத மாற்றம் ஒன்று இன்று தென்பட்டால், அது சிறிதாயினும் எங்களிடம் சொல்லுங்கள்.