நடந்து கற்கும் நகரம்: சிங்கப்பூர்த் தெருக்களில் ஓர் ஆற்றுப்படை

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. திருமுருகாற்றுப்படை நீங்கலான ஏனைய நான்கும் வறிய கலைஞர்க்கு வழிகாட்டுவன. எவ்வழியே செல்ல வேண்டும், எங்கே எவ்வுணவு கிட்டும், இடையில் காணத்தக்கவை எவை என்பனவற்றைப் பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்படும் வறியோனுக்கு எடுத்துரைக்கின்றான். கைப்பொருளின்றிக் கால்நடையாகச் செல்வோர்க்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி நம் மொழி. அம்மரபை அடியொற்றி, விடுமுறையில் குறைந்த செலவில் சிங்கப்பூர் செல்லும் மாணவர் எவ்வழி நடக்கலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

சிங்கப்பூர் என்றதும் வானளாவிய மாடங்களும் வணிக வளாகங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. கட்டணம் செலுத்திக் காணும் காட்சிகள் அங்கு மிகுதி. ஆயின் அந்நகரின் பழைய வரலாற்றைக் காணக் கட்டணம் இல்லை. அது தெருக்களிலும் தெருப்பெயர்களிலும் பதிந்து கிடக்கின்றது. வண்டியில் விரைவோர் கண்ணில் அது படுவதில்லை, நடப்போர்க்கே புலனாகின்றது.

ஐந்தடி நடைவழி

நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள அந்நகரில் வெயிலும் மழையும் நடப்போரை வருத்தும். அதற்கான தீர்வைப் பழைய கடைவீடுகளே வைத்துள்ளன. 1822-ஆம் ஆண்டில் இராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவிற்கு வழங்கிய கட்டளைகளில், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் பொதுமக்கள் நடந்து செல்லத்தக்க கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என விதித்தார். மலாய் மொழியில் இதனைக் 'காக்கி லீமா' என்பர். 'காக்கி' என்பது பாதம், 'லீமா' என்பது ஐந்து. நம் மொழியில் 'அடி' என்னும் சொல் பாதத்தையும் நீட்டலளவையையும் குறிப்பது போலவே, மலாயில் 'காக்கி' என்பதும் இரண்டையும் குறிப்பது மொழி பயில்வோர் நோக்கத்தக்கது. இந்நிழல்வழியே செல்வோர் குடையின்றியும் நெடுந்தொலைவு நடக்கலாம். குழாய்நீர் குடிக்கத் தக்கதாகையால், ஒரு புட்டி உடனிருந்தால் தண்ணீருக்குச் செலவில்லை.

கடலில்லாத கடற்கரைத் தெரு

நம் நடையைத் தெலுக் ஆயர் தெருவில் தொடங்கலாம். 'தெலுக்' என்றால் வளைகுடா. 'ஆயர்' என்றால் நீர். ஆனால் அங்கு நின்று நோக்கினால் நீரும் இல்லை, வளைகுடாவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதுவே கடற்கரையாக இருந்தது. 1879-இல் தொடங்கி, வாலிச் குன்றை வெட்டியெடுத்த மண்ணைக் கொண்டு கடலைத் தூர்த்தனர். கடல் விலகிப் போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கடல் கடந்து வந்தோர் கரையிறங்கிய இடத்திலேயே இறைவனுக்கு நன்றி செலுத்த விழைந்தனர். தமிழ் முஸ்லிம்கள் 1827-இல் இங்கு ஒரு குடிசையில் தொழத் தொடங்கினர். அதனால் 'குச்சுப் பள்ளி' எனப் பெயர் பெற்ற அதுவே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் சாகுல் ஹமீது வலியின் நினைவாக நாகூர் தர்கா எழுந்தது. இஃது அடக்கத்தலமன்று, தாயகத்துத் தர்காவை நினைவூட்டும் கட்டடம். 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே, ஹொக்கியன் சீனர் 1839 முதல் 1842 வரை எழுப்பிய தியான் ஹாக் கெங் கோயில் உள்ளது. மாலுமிகளைக் காக்கும் தெய்வமெனச் சீனர் வணங்கும் மாசுவிற்கு உரியது அது. நாகூர் ஆண்டகையும் கடலோடிகளால் போற்றப்பட்டவரே. சமயம் வேறு, மொழி வேறு. ஆயினும் அலைகண்ட அச்சமும் கரைகண்ட நன்றியும் ஒன்றாகவே இருந்தன. சில நிமிட நடைக்குள் இம்மூன்றையும் காணலாம்.

தர்காவை ஒட்டிய பூன் டாட் தெருவில் கடல் இருந்த திசை நோக்கி நடந்தால், எண்கோண வடிவில் இரும்புத் தூண்களோடு நிற்கும் லாவ் பா சாட் என்னும் பழைய சந்தையை அடையலாம். 1894-இல் தூர்த்த நிலத்தின்மீது எழுந்த அக்கட்டடம் இன்று உணவங்காடி நிலையம். பல்லினத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் இவ்வுணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சிக்கனமாக உண்ண விழைவோர்க்கு இத்தகைய நிலையங்களே ஏற்றவை. முஸ்லிம் மாணவர் கடையில் ஹலால் சான்றிதழ் உள்ளதா என்பதை நோக்கி உண்ணலாம்.

சீனர் நகரில் பள்ளிவாசல் தெரு

அங்கிருந்து மேற்கே சென்றால் சவுத் பிரிட்ஜ் சாலை. 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலும், 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலும் இச்சாலையில் அருகருகே உள்ளன. இவற்றை ஒட்டிய தெருக்களின் பெயர்களைப் படித்தல் வேண்டும். ஒன்று பள்ளிவாசல் தெரு, மற்றொன்று கோயில் தெரு. பகோடா தெரு என்பதும் மாரியம்மன் கோயில் கோபுரத்தால் வந்த பெயரே. சைனாடவுன் எனப்படும் சீனர் பகுதியின் தெருக்கள், தமிழர் எழுப்பிய வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றுள்ளன. எந்த நூலும் இதனைவிடச் சுருக்கமாக அந்நகரின் தோற்றத்தை உரைத்துவிட இயலாது.

சாலை வடக்கே சிங்கப்பூர் ஆற்றை அடைகின்றது. தொடக்க காலத்தில் இவ்வாற்றில் சரக்குப் படகு வலித்தோருள் தமிழ் முஸ்லிம்கள் பலர். தென்கரை அருகே சூலியா தெரு இன்றும் உண்டு. ஆனால் அதில் நிற்பவை வங்கிக் கோபுரங்கள். பெயர் இருக்கின்றது, பெயர் தந்தோர் வாழ்ந்த சுவடு இல்லை. இந்த இழப்பே நாம் கருதிப் பார்க்க வேண்டியது. தெருப்பலகையை நின்று படிப்பார் இல்லையெனில், அம்மக்களின் நினைவும் கடலைப் போல் விலகிப் போய்விடும்.

புட்டிகள் தாங்கும் குவிமாடம்

பாலத்தைக் கடந்தால் அதே சாலை நார்த் பிரிட்ஜ் சாலை எனப் பெயர் மாறுகின்றது. வழியில் 2005-இல் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்ட தேசிய நூலகம் உள்ளது. நண்பகல் வெயிலில் இளைப்பாறவும் தமிழ் நூல்களைப் புரட்டவும் அங்குக் கட்டணமில்லை. மகுதூம் சாயபு 1887-இல் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழை நடத்தத் தொடங்கிய நகரம் இது என்பதைத் தமிழ் மாணவர் அங்கு நினைவுகூரலாம்.

நடை முடியுமிடம் கம்போங் கிளாம் பகுதியிலுள்ள சுல்தான் பள்ளிவாசல். இன்றைய கட்டடம் 1932-இல் நிறைவுற்றது. தொலைவில் நிற்போர்க்குப் பொன்னிறக் குவிமாடம் தெரியும். அருகே சென்று அண்ணாந்து நோக்குவோர்க்கே அதன் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கருவளையம் தெரியும். அவ்வளையம் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆயது. செல்வர் பொருள் தந்தனர். பொருளற்ற ஏழை முஸ்லிம்கள் புட்டிகளைத் தந்தனர். பள்ளிவாசல் எழுப்பும் பணியில் எளியோர்க்கும் பங்கு வேண்டும் என்பதற்காக அவை ஏற்கப்பட்டன. பொற்குவிமாடம் அப்புட்டிகளின்மேல் அமர்ந்துள்ளது.

முடிவுரை

பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு இறைமறை பல இடங்களில் மாந்தரை ஏவுகின்றது. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாம் கூறிய வழி ஒரு பகற்பொழுதில் நடந்து முடிக்கத்தக்கது. வழிபாட்டிடங்களில் தொழுகை, பூசை நேரங்களை மதித்து, அடக்கமான உடையுடன், காலணி களைந்து செல்வோரை அவை வரவேற்கின்றன. அந்நகரைக் கட்டியோருள் பலர் வறியோராய் வந்து, இத்தெருக்களில் நடந்தவர்களே. ஆகவே சிக்கனப் பயணம் என்பது வேறு வழியின்மையால் ஏற்கும் குறையன்று. அவர்களை அறிவதற்கு ஏற்ற முறையே ஆகும்.