ஆர்க்காட்டு வைரங்கள்: உடைமையாளர் வரலாறும் நிலத்தின் வரலாறும்

சித்தூரும் திருப்பதியும் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளன. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா தனியாக அமைக்கப்படும் வரை இப்பகுதியில் பெரும்பாகம் வடஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. அதற்கு முன், 1801 வரையில், இது ஆர்க்காட்டு நவாபின் சீமையாகும். அந்நவாபின் பெயரைத் தாங்கிய இரண்டு வைரங்கள் இன்றும் உலகில் பேசப்படுகின்றன. அவற்றின் வரலாற்றைப் பயிலும்போது வைரத்தின் இயல்பையும், அது பிறந்த நிலத்தின் அமைப்பையும் உடன் அறிந்துகொள்ளலாம்.

நவாபின் அன்பளிப்பு

நவாப் முகம்மது அலி வாலாஜா 1777-இல் இங்கிலாந்தின் சார்லட் அரசிக்குச் சில வைரங்களை அன்பளிப்பாக அனுப்பினார். அவற்றுள் பேரிக்காய் வடிவில் பட்டை தீட்டப்பட்ட இரு கற்கள் பெரியவை. ஒன்றின் எடை 33.70 காரட், மற்றொன்றின் எடை 23.65 காரட். ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இரு கற்களும் சேர்ந்து பன்னிரண்டு கிராமுக்கும் குறைவே.

இவ்வன்பளிப்பை அளித்த நவாப் செல்வச் செழிப்பில் இருந்தவர் அல்லர். போர்ச் செலவுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும், சென்னையிலிருந்த ஆங்கிலேயர் பலரிடமும் அவர் பெருங்கடன் பட்டிருந்தார். திருமலைக் கோயிலின் வருவாயும் இவ்வகையில் கம்பெனியின் கைக்குச் சென்றது. சீமையின் நிலவரி கடன்காரருக்கு ஈடாக எழுதப்பட்டது. 1785-இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்தே நீண்டதொரு சொற்பொழிவாற்றினார். அரசியின் கழுத்தில் ஒளிவீசிய கல்லுக்கும், சித்தூர்ச் சீமையின் உழவர் செலுத்திய வரிக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு.

கை மாறிய கதை

சார்லட் அரசி 1818-இல் காலமானார். நவாப் அளித்த வைரங்களை விற்றுத் தம் புதல்வியருக்குப் பங்கிட வேண்டும் என்பது அவர் விருப்பம். கற்கள் இலண்டன் நகை வணிகரிடம் சென்றன. 1837-இல் நடந்த ஏலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு அவ்விரண்டையும் 11,000 பவுனுக்கு வாங்கினார். 1930-இல் அவருடைய வழியினர் அவற்றை ஒரு தலையணியில் பதித்தனர். 1959-இல், குடும்பத்தார் செலுத்த வேண்டியிருந்த மரண வரிக்காக அத்தலையணி ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க வணிகர் ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுன் கொடுத்து அதைப் பெற்றார். கடன்பட்ட ஒருவரிடமிருந்து புறப்பட்ட கற்கள், வரிக்கடன் தீர்ப்பதற்காக மறுபடியும் சந்தைக்கு வந்தன.

வின்ஸ்டன் அவற்றை மீண்டும் பட்டை தீட்டி வெவ்வேறாக விற்றார். 23.65 காரட் இருந்த சிறிய கல், அடுத்தடுத்துத் தீட்டப்பட்டு, 2019-இல் நியூயார்க் ஏலத்தில் 17.21 காரட்டாக விலை போயிற்று. வைரத்தின் பொலிவைக் கூட்டுவதற்கு அதன் எடையைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

சென்னை வழியே சென்ற பிற கற்கள்

ஆர்க்காட்டுக் கற்கள் தனித்தவை அல்ல. சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் பிட், 1702-ஆம் ஆண்டையொட்டி, 410 காரட் எடையுள்ள தீட்டாத கல்லை ஓர் இந்திய வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். இலண்டனில் தீட்டப்பட்டபின் அது சுமார் 140 காரட்டாயிற்று. 1717-இல் பிரான்சு நாட்டு ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் கோமகனுக்கு அது விற்கப்பட்டமையால் 'ரீஜெண்ட்' எனப் பெயர் பெற்றது. 1722-இல் பதினைந்தாம் லூயியின் முடியில் அது இடம் பெற்றது. 1792-இல் களவு போய் மீண்டது. நெப்போலியனின் வாளிலும் பதிக்கப்பட்டது. இன்று அது பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையில் உள்ளது.

மற்றொரு சென்னைக் கவர்னரான பிகட் பிரபுவும் ஒரு பெரிய வைரத்துக்கு உரியவராயிருந்தார். நவாபின் கடன்காரர் சார்பாகத் தஞ்சை வருவாயைக் குறித்து எழுந்த பூசலில் அவர் தம் சபையினராலேயே 1776-இல் சிறை வைக்கப்பட்டு, காவலிலேயே 1777-இல் இறந்தார். அவருடைய வைரம் 1801-இல் லாட்டரி மூலம் விற்கப்பட்டது.

விளைந்த நிலமும் உழைத்த மக்களும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டு வைரங்கள் சந்தைக்கு வரும் வரையில், உலகுக்கு வைரம் அளித்த தலையாய நாடு இந்தியாவே. கிருஷ்ணா, பெண்ணை ஆகிய ஆறுகளின் படுகைகளில் அகழிடங்கள் இருந்தன. கிருஷ்ணைக் கரையில் கொல்லூரும், கடப்பைக்கு அருகே பெண்ணைக் கரையில் சென்னூரும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கோல்கொண்டா என்பது சுரங்கத்தின் பெயரன்று. வைரம் விற்கப்பட்ட கோட்டை நகரின் பெயராகும்.

விஜயநகர நாட்டில் 20 மாஞ்செலினுக்கு மேற்பட்ட கற்கள் அரசருக்கே உரியவை என்று போர்த்துகேசியரான நூனிஸ் எழுதினார். 'மாஞ்செலின்' என்பது மஞ்சாடி என்னும் நம் நாட்டு நிறைப்பெயரின் திரிபேயாகும். அந்நாட்டின் வேந்தர் கிருஷ்ணதேவராயர் 1513-இல் திருமலைக்கு வந்து, மணிகள் இழைத்த திருமுடியைக் காணிக்கையாக அளித்தார். ஈந்தவர் பெயரும் நாளும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

கல்லைத் தோண்டியவர் பெயரோ எங்கும் வெட்டப்படவில்லை. 1676-இல் வெளியான தம் பயண நூலில், பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, கொல்லூரில் ஆண், பெண், குழந்தைகளாக ஏறத்தாழ 60,000 பேர் உழைத்ததாகக் குறித்துள்ளார். ஆண்கள் மண்ணைத் தோண்டினர். பெண்டிரும் சிறுவரும் சுமந்தனர். மற்றோர் அகழிடத்தில் தேர்ந்த தொழிலாளிக்கும் ஆண்டுக்கூலி மூன்று வராகனே என்றும் அவர் கூறுகிறார். இக்கூலியைக் கொண்டு கணக்கிட்டால், பிட் கொடுத்த 48,000 வராகன் ஒரு தொழிலாளியின் 16,000 ஆண்டுக் கூலிக்குச் சமமாகும்.

பாறை கூறும் செய்தி

வைரம் தூய கரியாலானது. நிலத்துக்குள் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அது உருவாகிறது. கிம்பர்லைட் முதலிய எரிமலைப் பாறைகள் குழாய் போன்ற வழிகளில் மேலெழும்போது வைரத்தையும் சுமந்து வருகின்றன. அனந்தப்பூர்ப் பகுதியிலுள்ள வஜ்ரகரூரில் இத்தகைய குழாய்ப் பாறைகள் உண்டு. மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்க, கற்கள் ஆற்றால் அடித்துச் செல்லப்பட்டுச் சரளையில் தங்குகின்றன. பழங்காலத்துச் சரளை இறுகிக் கூழாங்கற்பாறை ஆகிறது. கர்நூல் பகுதியின் பனகானப்பள்ளிக் கூழாங்கற்பாறை வைரம் தாங்கிய அத்தகைய படிவமாகும்.

திருமலை மலைத்தொடரும் இதே கடப்பைப் படுகையின் தென்கோடியில் அமைந்தது. திருப்பதியிலிருந்து மலையேறும் சாலையில், கீழே பழைய கருங்கற்பாறையும், அதன்மேல் கடப்பைத் தொகுதியின் படிகமணற்பாறையும் நேராகப் பொருந்தியிருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகள் விடுபட்டுள்ளன. இந்தப் பொருந்தாமைத் தளம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. வைரம் கிடைத்த இடங்கள் இதற்கு வடக்கே உள்ளனவாயினும், அப்பெரும்படுகையின் அடித்தளத்தை மாணவர் கண்ணால் காண இதைவிட எளிய இடம் இல்லை.

பள்ளிக்கும் களத்துக்கும் சில குறிப்புகள்

1. ஆற்று மணலில் கிடைக்கும் தெளிந்த கற்கள் பெரும்பாலும் படிகக்கற்களே. படிகத்தின் ஒப்படர்த்தி 2.65, வைரத்தின் ஒப்படர்த்தி 3.52. தராசும் நீரும் கொண்டு இதனை அளந்து காட்டலாம்.

2. வைரம் மிகக் கடினமானது. கடினத்தன்மை அளவையில் அதன் எண் 10, படிகத்தின் எண் 7. ஆயினும் சம்மட்டியால் அடித்தால் வைரம் பிளந்து போகும். அடித்துச் சோதிப்பது தவறான முறை.

3. கர்நூல் பகுதியில் ஜொன்னகிரி, துக்கலி முதலிய ஊர்களில், முதல் மழைக்குப்பின் மக்கள் இன்றும் வயல்களில் வைரம் தேடுகின்றனர். கிடைத்த கல் விரைவில் வணிகர் கைக்கு மாறிவிடுகிறது; கிடைத்த இடம் மறைந்துவிடுகிறது.

4. எந்தக் கல்லைச் சேகரித்தாலும் அதனுடன் சீட்டு ஒன்று இணைக்கப்பட வேண்டும். ஊர், நாள், ஆழம், சூழ்ந்துள்ள பாறை, கண்டெடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இருத்தல் அவசியம்.

நான்காம் குறிப்பே இப்பாடத்தின் கருத்தாகும். ஆர்க்காட்டு வைரங்களின் உடைமையாளர் பட்டியல் இரண்டரை நூற்றாண்டுகளாக ஒழுங்காக எழுதப்பட்டுள்ளது. அவை எந்தக் குழியில் எவர் கையில் முதலில் பட்டன என்பதை ஒருவரும் எழுதவில்லை. அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அது அரசியின் பெயரைவிடப் புவியியலுக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும். உழைத்தவர்க்கும் உரிய சிறப்பு கிடைத்திருக்கும். இனிக் கிடைக்கும் கற்களுக்கேனும் அவ்வரியை எழுதிவைப்பது களப்பணியாளர் கடமை. அவ்வழக்கத்தை இளமையிலேயே பழக்குவது ஆசிரியர் கடமை.